ஒரு தேசம் புகையை விட்ட நாட்கள்





ரமழான் மாதத்தில் மஃரிபுடைய அதான் ஒலித்துப் பத்து நிமிடங்கள் கழிந்த பின்னர் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் வெளிமதிலோரம் ஒரு தடவை பாருங்கள். ஈச்சம்பழத்தின் இனிமை நாவில் இன்னும் மாறியிராது. கஞ்சிக் கோப்பை பாதியில் இருக்கும். அதற்குள் சிலர் எழுந்து மதிலின் மறைவுக்குச் சென்றுவிடுவர். சிறிது நேரத்தில் அங்கிருந்து புகை எழும். அவர்கள் நோன்பை மதியாதவர்கள் அல்லர். 13 மணித்தியாலத்துக்கும் மேலாக, முதலாளி காணாத இடத்திலும் வாப்பா காணாத இடத்திலும், அல்லாஹ் காண்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகச் சிகரட்டைத் தொடாதிருந்தவர்கள். ஆயினும், "என்னால் இதை விட முடியாது" என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் அவர்களேதாம்.

இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள வரலாற்றில் ஒரு சம்பவம் நமக்கு உதவுகிறது. ஒரு மனிதரல்ல, ஒரு தேசமே ஒரே வாரத்தில் புகையிலையைக் கைவிட்ட சம்பவம் அது. நடந்த இடம் பாரசீகம். நடந்த ஆண்டு 1891, ஹிஜ்ரி 1309.

அன்றைய பாரசீகத்தை ஆண்டவர் காஜார் வம்சத்து மன்னர் நாஸிருத்தீன் ஷாஹ். ஐரோப்பியச் சுற்றுலாக்களில் மிகுந்த நாட்டமுள்ளவர். கஜானாவோ எப்பொழுதும் வறண்டிருந்தது. 1890 மார்ச் 20ஆம் திகதி அவர் ஜெரால்ட் டல்போட் என்ற ஆங்கிலேயருக்கு ஓர் உரிமையை எழுதிக் கொடுத்தார். பாரசீகத்தில் விளையும் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் 50 ஆண்டுகளுக்கு அவருடைய கம்பனிக்கு மாத்திரமே அதிகாரம். அதற்கு ஈடாக மன்னருக்கு ஆண்டுதோறும் 15,000 பவுணும் இலாபத்தில் கால்வாசியும் கிடைக்கும். தன் நிலத்தில் தான் பயிரிட்ட புகையிலையை விவசாயி அந்நியன் சொல்லும் விலைக்கு அவனிடமே விற்க வேண்டும். பின்னர் அதனையே தன் வீட்டு ஹுக்காவுக்காக அவனிடமிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அக்காலப் பாரசீகத்தில் ஹுக்கா இல்லாத வீடு அரிது. ஆண்களும் பெண்களும் புகைத்தனர். விருந்தாளிக்கு முதலில் நீட்டப்பட்டது ஹுக்காக் குழாயே. நம் நாட்டிலும் கலியாண வீடுகளில் வெற்றிலைத் தட்டோடு சிகரட் தட்டும் சுற்றி வந்த காலம் வெகு தொலைவிலில்லை, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே அந்த உரிமைப் பத்திரம் அரண்மனைக்குள் அடங்கிவிடும் விவகாரமாக இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் திண்ணையையும் அது தொட்டது.

கம்பனியின் முகவர்கள் வந்திறங்கத் தொடங்கிய 1891இல் எதிர்ப்பு வெடித்தது. முதலில் ஷீராஸ் நகரம், பின்னர் தப்ரீஸ், அதன் பின்னர் இஸ்பஹான். வணிகர்கள் கடைகளை மூடினர். உலமாக்கள் மிம்பர்களில் பேசினர். வணிகர்களுக்குத் தம் வருமானம் பற்றிய கவலையும் இருந்தது, ஆங்கிலேயரின் கை ஓங்குவதை விரும்பாத ரஷ்யர் பின்னாலிருந்து தூபமிட்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரிய எழுச்சிகள் யாவும் இவ்வாறு பல ஓடைகள் சேர்ந்த ஆறுகளே. நாடு கடத்தப்பட்டு பஸராவில் இருந்த ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி, ஈராக்கின் ஸாமர்ரா நகரில் வாழ்ந்த மீர்ஸா ஹஸன் ஷீராஸிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஷீராஸி ஷீஆப் பிரிவினரின் அக்காலத் தலையாய அறிஞர். கொள்கையில் நமக்கும் அவர்களுக்குமிடையே உள்ள வேற்றுமை யாவரும் அறிந்ததே. அதனை இங்கு பேச வரவில்லை. வரலாறு என்ற வகையில் நடந்ததைப் பார்க்கிறோம்.

1891 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஷீராஸியின் பெயரால் ஒரு பத்வா தெஹ்ரானில் பரவியது. மிகச் சுருக்கமானது, ஓரிரு வரிகளுக்கு மேற்படாதது. இன்று புகையிலையை எவ்வகையிலேனும் பாவிப்பது மார்க்கத்தின் தலைமைக்கெதிராகப் போர் தொடுப்பதற்குச் சமம் என்பது அதன் சாரம். அது உண்மையில் அவர் எழுதியதுதானா என்ற ஐயமும் அன்றே எழுந்தது. பின்னர் அவர் அதனைத் தமதென உறுதிப்படுத்தினார்.

அடுத்து நிகழ்ந்ததை மன்னரின் பிரெஞ்சு வைத்தியர் பெவ்ரியே தம் நூலிற் பதிந்து வைத்துள்ளார். புகையிலைக் கடைகள் மூடப்பட்டன. ஹுக்காக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. அரண்மனைப் பணியாளரும் புகைப்பதை நிறுத்தினர். மன்னரின் அந்தப்புரத்திலேயே பெண்கள் ஹுக்காவைத் தொட மறுத்தனர். மன்னர் தம் மனைவியிடம், "இதை ஹராமாக்கியது யார்?" என்று சினந்து வினவியபோது, உங்களுக்கு என்னை ஹலாலாக்கியவர்களே என்ற கருத்தில் அவர் பதிலிறுத்ததாக ஒரு கதை பாரசீகத்தில் இன்றும் வழங்குகிறது. கதை மெய்யோ மிகையோ, அந்நாட்களின் மனநிலையை அது காட்டுகிறது. யூத, கிறிஸ்தவக் குடிமக்களும் அயலவருடன் சேர்ந்து புகைப்பதை நிறுத்தியதாகச் சொல்லப்படுகிறது.

சற்றே எண்ணிப் பாருங்கள். சிறுவயது முதல் நாளொன்றுக்குப் பல தடவை புகைத்து வந்த இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் விட்டனர். அன்று நிகொட்டீன் பட்டியும் இருக்கவில்லை, ஆலோசனை நிலையமும் இருக்கவில்லை. தலைவலியும் எரிச்சலும் உறக்கமின்மையும் அவர்களுக்கும் வந்திருக்கும். ஆயினும் தாங்கினர். ஏன் தாங்க முடிந்தது? பக்கத்து வீட்டிலும் ஹுக்கா எரியவில்லை. விருந்துக்குப் போன இடத்திலும் நீட்டப்படவில்லை. சந்தையில் விற்பனைக்கும் இல்லை. புகைப்பவன் வெட்கப்பட வேண்டிய நிலை ஒரே வாரத்தில் உருவாகியிருந்தது. தனி மனிதனின் மன உறுதியை விட அவனைச் சூழ்ந்திருந்த ஊரின் உறுதி பெரிதாக நின்று அவனைத் தாங்கியது.

அரசாங்கம் தடுமாறியது. முதலில் உள்நாட்டு வியாபாரத்தின் மீதான ஏகபோகத்தை மட்டும் நீக்குவதாக அறிவித்தது. மக்கள் அசையவில்லை. பின்னர் தெஹ்ரானின் முதன்மை ஆலிமான மீர்ஸா ஹஸன் ஆஷ்தியானிக்கு, ஒன்றில் மக்கள் முன்னிலையில் ஹுக்கா புகைக்க வேண்டும் அன்றேல் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளை சென்றது. அவர் வெளியேறத் தீர்மானித்தார். 1892 ஜனவரி 4ஆம் திகதி ஆண்களும் பெண்களுமாய்ப் பெருங்கூட்டம் அரண்மனையைச் சூழ்ந்தது. படையினர் சுட்டதில் சிலர் மாண்டனர். அம்மாதத்திலேயே உரிமை முற்றாக இரத்துச் செய்யப்பட்டது. கம்பனிக்கு இழப்பீடாக 500,000 பவுண் கொடுக்க நேர்ந்தது. அத்தொகையை அங்கிருந்த ஆங்கிலேயருடைய வங்கியிலேயே 40 ஆண்டுத் தவணையில் மன்னர் கடனாகப் பெற்றார். பாரசீகத்தின் முதலாவது வெளிநாட்டுக் கடன் இவ்வாறு புகையிலையால் வந்தது.

பெரும்பாலான நூல்கள் கதையை இவ்விடத்தில் வெற்றி முழக்கத்துடன் முடித்துவிடுகின்றன. உங்களுக்குச் சொல்ல வந்த கதையோ இனித்தான் தொடங்குகிறது.

1892 ஜனவரி 26ஆம் திகதி தடை நீங்கியது என்று தெஹ்ரானில் அறிவிக்கப்பட்டது. பத்வாவுக்கு இன்னும் இரண்டு மாதமும் ஆகவில்லை. அன்றே ஹுக்காக்கள் மீண்டும் புகைந்தன. ஏறத்தாழ எட்டு வாரங்கள் புகையின்றி வாழ்ந்து, உடலளவில் அதன் பிடியிலிருந்து விடுபட்டுவிட்டிருந்த ஒரு தேசம், தானாகவே அதன் கைக்குத் திரும்பிச் சென்றது.

ஏன்? பத்வாவை மறுபடி பாருங்கள். அதில் "இன்று" என்ற ஒரு சொல் இருந்தது. அவர்கள் விட்டது கம்பனியை, புகையை அல்ல. கம்பனி போனதும் விடுவதற்கான காரணமும் போயிற்று. இதற்காக அவர்களைக் குறைகூற இடமில்லை. புகையிலையை நிரந்தரமாக ஒழிப்பது அவர்களுடைய நோக்கமாக இருக்கவேயில்லை. அவர்கள் நாடியது கைகூடியது. ஆனால் ரமழானில் சிகரட்டை விடும் நம் இளைஞர் தம் நிய்யத்தைச் சற்றுச் சோதித்துப் பார்க்கட்டும். அதிலும் அந்த "இன்று" ஒளிந்திருக்கிறதா? மஃரிப் வரை என்ற எல்லை வைத்து விட்டவன், மஃரிப் வந்ததும் திரும்பாமல் வேறென்ன செய்வான்?

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழலாம். புகையிலை தீங்கானதென்றால், அக்கால உலமாக்கள் நிரந்தரமாகவே அதனை ஹராமாக்கியிருக்கக் கூடாதா? இதற்கு விடை காண இன்னும் மூன்று நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஸஹாபாக்களின் காலத்திலோ நான்கு மத்ஹபு இமாம்களின் காலத்திலோ முஸ்லிம் உலகில் எவரும் அதனைக் கண்டதில்லை. உஸ்மானிய வரலாற்றாசிரியர் பெச்செவி, ஹிஜ்ரி 1009, அதாவது கி.பி. 1600 அளவில் ஆங்கிலேய வணிகர் அதனைக் கொண்டு வந்ததாக எழுதுகிறார். மருந்து என்று சொல்லியே விற்றனராம். ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் அஸத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூரிலிருந்து அதனைச் சக்கரவர்த்தி அக்பரிடம் கொண்டு வந்தார். அங்கும் மருந்தாகுமா ஆகாதா என்பதே விவாதம். அரண்மனை ஹகீம் தடுத்தார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் அதற்குத் தடையே விதித்தார். தடை நிலைக்கவில்லை.

உலமாக்கள் முன்னிலையில் வந்தது ஒரு புதிய பொருள். அதன் தன்மை தெரியாமல் எவ்வாறு தீர்ப்புச் சொல்வது? எகிப்தில் ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞராயிருந்த அலீ அஸ்-ஸியாதீ (ரஹ்) அவர்களிடம், புகைத்தால் நோன்பு முறியுமா என்று கேட்கப்பட்டது. அது வெறும் புகைதானே என்ற எண்ணத்தில் முறியாது என்று முதலில் கூறினார்கள். பின்னர் புகைக்கும் குழாயின் உட்புறத்தில் படிந்திருந்த கசடு அவர்களுக்குக் காட்டப்பட்டது. உடம்புக்குள் ஒரு பொருள் உண்மையிலேயே சென்று தங்குகிறது என்பதைக் கண்டதும், தம் முதல் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, நோன்பு முறியும் என்று தீர்ப்பளித்தார்கள். கி.பி. 1615இல் மறைந்த ஓர் ஆலிம், குழாயில் ஒட்டியிருந்த கரியைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்ட இந்தச் சம்பவம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தக்கது. அவர்களுக்குச் சான்று முக்கியமாயிருந்தது. தாம் முன்பு சொன்ன வார்த்தையல்ல.

அல்-அஸ்ஹரில் மாலிகி மத்ஹபைச் சேர்ந்த இரு பேரறிஞர்கள் ஒரே காலத்தில் எதிரெதிராக நின்றனர். இப்ராஹீம் அல்-லகானி (ரஹ்) புகைத்தலைக் கண்டித்து நூல் எழுதினார்கள். அலீ அல்-உஜ்ஹூரி (ரஹ்) அனுமதிக்கலாம் என்று எழுதினார்கள். டமஸ்கஸ் நகரின் அப்துல் கனீ அந்-நாபுலுஸி (ரஹ்) அனுமதிக்குச் சார்பாகவே தனி நூல் ஒன்றை இயற்றினார்கள். நம்மவரிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், கி.பி. 1659இல் மறைந்த ஷிஹாபுத்தீன் அல்-கல்யூபி (ரஹ்) அவர்களோ ஹராம் என்று திட்டமாக எழுதினார்கள். அவர்கள் வைத்தியமும் கற்றவர்கள். புகை உடலின் நாளங்களைத் திறந்து நோய்களை ஏற்கும்படி அவற்றை ஆக்குகிறது, தலைச்சுற்றலை உண்டாக்குகிறது என்பன அவர்கள் கூறிய காரணங்கள். நுண்ணோக்கியோ ஆய்வுகூடமோ கைவசம் இல்லாத ஒருவரின் கூர்மையை இங்கு வியக்காதிருக்க முடியாது.

ஆகவே, "முன்னோர்களில் சிலர் மக்ரூஹ் என்றுதானே சொன்னார்கள், சிலர் முபாஹ் என்றும் சொன்னார்களே" என்று வாதிடும் இளைஞருக்கு ஒரு பதில் உண்டு. ஆம், சொன்னார்கள். தீங்கு நிரூபணமாகவில்லை என்ற அடிப்படையிற் சொன்னார்கள். அந்த அடிப்படை 1950இல் பெயர்ந்துவிட்டது. அவ்வாண்டு ரிச்சர்ட் டோல், பிரட்போர்ட் ஹில் என்ற இருவர் இலண்டன் வைத்தியசாலைகளின் நோயாளரை ஆராய்ந்து, புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை வெளியிட்டனர். அடுத்து பிரித்தானிய வைத்தியர்களையே பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். 50 ஆண்டுக் கணக்கு 2004இல் வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் சிகரட் புகைப்பவர் புகையாதவரை விடச் சராசரியாக 10 ஆண்டுகள் முந்தி இறக்கின்றனர் என்று அது காட்டியது. ஸியாதீ (ரஹ்) அவர்களுக்குக் குழாயைக் காட்டியதைப் போன்று, இருபதாம் நூற்றாண்டின் உலமாக்களுக்கு இந்தக் கணக்குகள் காட்டப்பட்டன. அவர்களும் அவ்வாறே செய்தனர். 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைக்கடல் வலய அலுவலகம், அல்-அஸ்ஹர் அறிஞர்கள் புகைத்தல் குறித்து வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டது. தம்மைத் தாமே அழிவிற் போடுவதைத் தடுக்கும் அல்-பகரா அத்தியாயத்தின் 195ஆவது வசனம் அத்தகைய தீர்ப்புகளின் அத்திவாரம்.

ஓர் அரசன் வாளைக் கொண்டு புகையை ஒழிக்க முயன்ற கதையையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் சில தந்தையர் வீட்டில் அவ்வழியையே கையாளுகின்றனர். 1633இல் இஸ்தான்பூலைப் பெருந்தீ ஒன்று அழித்த பின்னர், உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் கோப்பிக் கடைகளை மூடிப் புகையிலைக்குத் தடை விதித்தார். மீறியோருக்கு மரண தண்டனை. கொல்லப்பட்டோர் பலர். அக்காலத்தில் வாழ்ந்த அறிஞர் காதிப் செலெபி, தாம் இறப்பதற்கு ஓராண்டு முன் 1656இல் எழுதிய நூலில் அதன் விளைவைச் சொல்கிறார். சுல்தானின் கண்டிப்பு ஏற ஏற மக்களின் ஆசையும் ஏறியதாம். போர்க்களம் சென்ற படைவீரர் சிறு குழாய்களைச் சட்டைக் கைக்குள் மறைத்து வைத்தனர். தண்டனை நிறைவேறிக்கொண்டிருந்த வேளையிலும் சிலர் புகைக்கச் சந்தர்ப்பம் தேடினர். சுல்தான் மறைந்து சில ஆண்டுகளுக்குள், தாமே கடுமையாகப் புகைப்பவராயிருந்த ஒரு ஷைகுல் இஸ்லாம் அதனை அனுமதித்து பத்வா வழங்கினார். பெற்றோர்களே, மகனின் சட்டைப் பையைச் சோதித்து அடிப்பதனால் நீங்கள் பெறப்போவது சட்டைக் கைக்குள் மறைக்கக் கற்றுக்கொண்ட ஒரு மகனையே. நான்காம் முராதுக்குப் படை இருந்தது, உளவாளிகள் இருந்தனர். உங்களிடம் அவையும் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் வழி வேறு. 2003ஆம் ஆண்டு நவம்பரில் புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய சர்வதேச சமவாயத்தை இலங்கை அங்கீகரித்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் புகையிலை விளம்பரத்தையும் மூடிய பொது இடங்களிற் புகைப்பதையும் தடுத்தது. அச்சட்டம் உங்களைத் தண்டிப்பதை விட உங்களைச் சூழவுள்ள காற்றை மாற்ற முனைகிறது. பாரசீகத்தில் 1891 டிசம்பரில் ஊர் செய்த வேலையின் ஒரு சிறு பங்கு அது.

இனி மதீனாவுக்கு வாருங்கள். விட்டவர்கள் திரும்பாத ஊர் அது. மதுவைத் தடுத்த வசனங்கள் ஒரே நாளில் இறங்கவில்லை. முதலில் அதன் தீமை நன்மையை விடப் பெரிது என்று உணர்த்தப்பட்டது; பின்னர் போதையுடன் தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது; இறுதியில் அல்-மாஇதா அத்தியாயத்தில் முற்றான தடை வந்தது. அன்று அனஸ் (ரழி) அவர்கள் அபூ தல்ஹா (ரழி) அவர்களின் வீட்டில் விருந்தினருக்குப் பானம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. இருந்ததைக் கொட்டிவிடும்படி அபூ தல்ஹா (ரழி) சொன்னார்கள். மதீனாவின் வீதிகளில் மது ஓடியது. இது நீங்கள் பலமுறை கேட்ட வரலாறு.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அப்துல் கைஸ் கோத்திரத்தாரின் தூதுக்குழு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் சில பாத்திரங்களில் பானம் ஊற வைப்பதையும் தடுத்தார்கள். சுரைக் குடுவை, பச்சை மெருகிட்ட சாடி, குடைந்த மரக்கட்டை, தார் பூசிய பாத்திரம் என்பன அவை. அவற்றிற் பானம் எளிதிற் புளித்து மதுவாகும். பழைய நாட்களில் மது இருந்த பாத்திரங்களும் அவைதாம். பிற்காலத்தில் அத்தடையை நபி (ஸல்) அவர்களே நீக்கி, போதையூட்டும் எதனையும் குடியாதிருக்கும் நிபந்தனையுடன் எந்தப் பாத்திரத்தையும் பாவிக்க அனுமதித்தார்கள். ஒரு பழக்கத்தை விட்ட புதிதில் அதன் பாத்திரத்தையும் அகற்ற வேண்டும், காலம் சென்ற பின் பாத்திரம் வெறும் பாத்திரமாகிவிடும் என்ற பயிற்சியை நான் இதிற் காண்கிறேன்.

உங்கள் பாத்திரங்கள் எவை? மேசையிலுள்ள சாம்பற் கிண்ணம். சட்டைப் பையிலுள்ள லைட்டர். தேநீர் குடிக்கும் அந்த ஒரு கடையின் பின்புற வாங்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் "வாடா மச்சான்" என்று அழைக்கும் நண்பன். ஷீஷா வைக்கும் விடுதி. புகை குறைவென்று சொல்லி விற்கப்படும் இலத்திரனியல் சிகரட். நண்பனைப் பகைக்கச் சொல்லவில்லை. நாற்பது நாட்கள் அவரை வேறிடத்திற் சந்தியுங்கள். லைட்டரைக் கொட்டிவிடுங்கள், அபூ தல்ஹாவின் வீட்டில் கொட்டப்பட்டதும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

உடலில் நடப்பதையும் அறிந்து வைத்திருங்கள். உறிஞ்சிய புகையிலுள்ள நிகொட்டீன் சில வினாடிகளில் மூளையை எட்டுகிறது. விட்டவருக்கு முதல் மூன்று நாட்களே மிகக் கடினமானவை: எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனச் சிதறல். பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இவை தணிகின்றன. திடீரென எழும் ஆசை ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிக்கும். ஒரு கோப்பை நீர் அருந்தி, உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுவதற்குள் கடந்துவிடும். ரமழானில் புகைப்பவரின் துன்பம் இங்குதான் இருக்கிறது. பகல் முழுவதும் அவர் முதல் நாளின் கடுமையைத் தாங்குகிறார். இரவில் ஒரு சிகரட்டால் கணக்கை மறுபடி பூச்சியமாக்குகிறார். முப்பது நாட்களும் முதல் நாளாகவே கழிகின்றன. இரவையும் சேர்த்து விட்டிருந்தால், நான்காம் நோன்பிலேயே மலையின் உச்சியைத் தாண்டியிருப்பார். பெருநாளுக்குள் அடிவாரத்தில் இறங்கியிருப்பார். கடினமான பாதியை ஏற்கெனவே செய்கிறீர்கள். எளிதான பாதியைத்தான் விட்டுவிடுகிறீர்கள்.

ஒரு முறை தவறிவிட்டால்? பலருக்கு முதல் முயற்சி நிலைப்பதில்லை. பல தடவை முயன்ற பின்னரே நிரந்தரமாக விட்டவர் ஏராளம். ஒன்று புகைத்துவிட்டதற்காகப் பெட்டி முழுவதையும் வாங்குவது, உளூ முறிந்ததற்காகத் தொழுகையையே விட்டுவிடுவதைப் போன்றது. மறுபடி உளூச் செய்யுங்கள். சுயமாக முடியாதவர் வைத்தியரிடம் செல்வதிற் குறையேதுமில்லை. நிகொட்டீன் மாற்றுச் சிகிச்சையும் மருந்துகளும் இன்று உண்டு.

வயது கடந்துவிட்டது என்று சொல்லும் வாப்பாமாருக்கும் டோலின் 2004ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு செய்தி இருக்கிறது. இழக்கவிருந்த பத்தாண்டுகளில், 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளை மீட்கிறார்; 50 வயதில் விட்டவர் 6 ஆண்டுகள்; 40 வயதில் 9; 30 வயதில் விட்டவர் அநேகமாக முழுவதையும். மகனுக்குப் புத்தி சொல்லுமுன் இந்தக் கணக்கைத் தமக்காக ஒருமுறை போட்டுப் பாருங்கள். இருவரும் ஒரே நாளில் விடுவதாக உடன்படிக்கை செய்துகொள்ளும் வீடு, தெஹ்ரானின் அந்த டிசம்பர் மாதத்தைத் தன் கூரைக்குள் கொண்டு வந்த வீடு. கம்பனி எதுவும் வெளியேறும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆதலால் திரும்பிச் செல்லும் நாளும் அவர்களுக்குக் குறிக்கப்பட்டிராது.

உம்மாமாரே, உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. வரும் நோன்பின் முதல் நாள், மகன் நோன்பு துறந்து கஞ்சி குடித்து முடித்ததும், மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்குமிடையே அவனுக்கு வீட்டில் ஓர் அலுவல் வைத்திருங்கள். அயல் வீட்டுக்கு ஒரு சட்டி கஞ்சி கொண்டு போகச் சொல்லுங்கள்; தம்பிக்கு ஓதிக் கொடுக்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இளைஞரே, நீங்களும் அன்று மதிலோரம் போகாமல் எங்கே இருப்பீர்கள் என்பதை இப்பொழுதே தீர்மானித்து, ஒருவரிடமேனும் சொல்லி வையுங்கள். தலைப்பிறை தென்படும் இரவு, பெருநாள் இரவு ஆகிய இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்மானியுங்கள். ஜனவரி 26 அந்தப் பெருநாள் இரவிலேதான் வரும்.